ஆயிரத்து அறுநூற்று அறுபத்தேழு கிராம்

விலாகோத்தா,
ஜூன் 16, 1991, ஞாயிறு

டாக்டர் டெல்ஃபினா அயாவிரி அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கமாவது படியுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் ஆறு பேருக்காகக் கேட்கிறேன்.

மறியல் தொடங்கி இன்றோடு பதினான்கு நாள். சாலை முழுக்கப் பாறைகளை உருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தொலைபேசிக் கம்பியும் அறுந்து கிடக்கிறது. வெளியிலிருந்து வரும் தயார்க் கரைசல் புதன்கிழமையோடு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல், மருந்தகச் சுவரில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன தாளைப் பார்த்து வெள்ளிக்கிழமை நானே கரைசல் தயாரித்தேன். பத்து லிட்டர் கேனுக்குச் சோடியம் அசிட்டேட் 1667 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே 1667 கிராம்தான் போட்டேன். மூன்று முறை நிறுத்தேன். தராசையே எடைக்கற்களை வைத்துச் சோதித்தேன். மூட்டையின் மேல் 'மூன்று நீர்' என்று அச்சிட்டிருக்கிறது, உங்கள் கணக்கும் மூன்று நீருள்ள உப்புக்குத்தான். எல்லாம் பொருந்துகிறது.

நேற்று ஆறு பேரையும் இயந்திரத்தில் ஏற்றினோம். அரை மணி நேரத்தில் தாகம் தாகம் என்றார்கள். பிறகு தலைவலி, வாந்தி. அன்செல்மோவின் ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் மருத்துவர் ரெங்கேல் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்காக டயாலிசிஸ் செய்யாவிட்டால் யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று சொல்ல முடியாது என்கிறார். கரைசலின் உப்புச் செறிவைக் காட்டும் முள் கருவி போன வருடம் பழுதானதுதான், இன்னும் சரியாகவில்லை.

போன ஜூனில் நீங்கள் தயாரித்த கரைசலில் நடந்ததும் இதேதான் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்பதும் தெரியும். அதை இப்போது பேச வேண்டாம். செப்டம்பரிலும் ஜனவரியிலும் இதே தாளை வைத்துத் தயாரித்தபோது ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாளில் எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா? அதை மட்டும் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைக் காஸ்தா கொண்டு வருகிறாள். ஆமாம், ஃபெர்மினுடைய காஸ்தாதான். மறியலில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்களுக்கு ரொட்டி விற்கப் பதினெட்டு கிலோமீட்டர் நடந்து, அந்தப் பக்கம் வண்டி பிடித்து ஓருரோவுக்கு வந்து போகிறவள் அவள் ஒருத்திதான். கடிதம் யாருக்கு என்று தெரிந்ததும் முகம் மாறியது. ஆனாலும் கொண்டு போகிறேன் என்றாள். உறையை நன்றாக ஒட்டித்தான் கொடுக்கப் போகிறேன்.

எல்வா கோந்தார்கோ


ஓருரோ,
ஜூன் 17, திங்கள்

மதிப்பிற்குரிய பொறுப்பு வேதியியலாளர் அவர்களுக்கு,

அந்தப் பதவியின் பெயரை எழுதும்போது பேனா கொஞ்சம் தடுமாறியது, மன்னிக்கவும். பதினோரு வருடம் அது என் பெயருக்குக் கீழே இருந்தது. இப்போது என் மைத்துனரின் மருந்துக் கடையில் நின்று இருமல் மருந்து விற்கிறேன். போரிக் பவுடரைப் பொட்டலம் கட்டுகிறேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு தடவை நிறுக்கிறேன். பைத்தியம் என்று மைத்துனர் சிரிக்கிறார்.

காஸ்தா வந்தாள். கடிதத்தைக் கல்லாப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். "நான் வந்தது எல்வா டாக்டரம்மாவுக்காக. உங்க நாற்காலி எனக்கு வேணாம்" என்றாள். அவள் புருஷன் ஃபெர்மினை நான்தான் கொன்றேன் என்று ஊரே நம்புகிறபோது அவள் நம்பாமல் இருப்பாளா? அதையும் எழுத்தில் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மூன்று முறை நிறுத்தீர்களாமே. நானும் மூன்று முறைதான் நிறுத்தேன். உங்கள் புகாரின் நகல் என் மேசை அறையில் இருக்கிறது, ஆனால் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, மனப்பாடம். "டாக்டர் அயாவிரி எடை போடுவதில் அலட்சியமாக இருந்தார் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை." வேறு விளக்கம் இல்லையாம். என் மகளுக்கு ஞானத்தாயாக நின்ற அன்றிலிருந்து என்னைக் 'கொமாத்ரே' என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், என் வீட்டில் கை நனைக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அவள் எழுதிய வரி அது. நோயெமி தன் பிறந்தநாளுக்கு ஞானத்தாய் ஏன் வரவில்லை என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இன்று உங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படுகிறது. நல்லது. என் மனதில் ஒன்று இருக்கிறது. ஒரு வருடமாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன் எனக்கு ஒரு தாள் வேண்டும். இயக்குநர் பெயருக்கு, உங்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, டெல்ஃபினா அயாவிரி சரியாகத்தான் நிறுத்தார் என்று ஒரே ஒரு வரி. அது வரட்டும், பிறகு பேசலாம்.

அதுவரை அந்த மூட்டையைத் தொடாதே. உருளைக்கிழங்கை வெட்டி, இரண்டு தடவை தண்ணீரை மாற்றி வேகவைத்துத்தான் அவர்களுக்குக் கொடுக்கச் சொல். வாழைப்பழத்தை அந்தப் பக்கமே காட்டாதே. அன்செல்மோ நர்ஸ்களை ஏமாற்றித் தக்காளி தின்பான், தலையணைக்கு அடியில் பார்.

டெல்ஃபினா அயாவிரி


விலாகோத்தா,
ஜூன் 18, செவ்வாய்

டாக்டர் டெல்ஃபினா,

தலையணைக்கு அடியில் மூன்று தக்காளி இருந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆறு உயிரை வைத்துக்கொண்டு என்னிடம் பேரம் பேசுகிறீர்களே என்று நர்ஸ்கள் முன்னாலேயே கத்தினேன். பிறகு, நான் கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது, வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் கேட்ட வரியை எழுதினேன். முத்திரையும் குத்தினேன். அடுத்த நிமிடமே கிழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், சொல்லாமல் இருந்தால் நன்றாகத் தூங்க முடியாது. நீங்கள் சரியாக நிறுத்தீர்கள் என்று நான் எழுதிவிட்டால், அடுத்த கேள்வி ஃபெர்மின் எப்படிச் செத்தான் என்பது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல முடியாதவள் இந்த நாற்காலியில் இருக்க முடியாது. என் அம்மாவுக்கும் தம்பிகளுக்கும் சோறு போடுவது இந்த நாற்காலிதான். இதுதான் உண்மை. கேவலமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கிழித்ததை மறுபடியும் ஒட்டி இதோடு அனுப்பியிருக்கிறேன். ஓட்டை உடைசல் தாள்தான், ஆனால் கையெழுத்து என்னுடையது, முத்திரையும் செல்லும். வைத்துக்கொள்ளுங்கள். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

இன்று காலை வார்டுக்குப் போனேன். எல்லோருக்கும் முகம் வீங்கியிருக்கிறது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்செல்மோ மட்டும் கண்ணைத் திறக்காமலே, "என்ன டாக்டரம்மா, என்னை உப்புக்கண்டம் போட்டு வெயில்ல தொங்கவிடப் பாத்தீங்களாமே" என்றார். சிரிக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

மூட்டையைத் தொடாதே என்றீர்கள். தொட்டேன். ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஜனவரியில் எடுத்தபோது கண்ணாடித் துண்டு மாதிரி பளபளவென்று இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது மாவு மாதிரி இருக்கிறது, பளபளப்பே இல்லை. விரலில் ஒட்டுகிறது. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான்.

எல்வா


ஓருரோ,
ஜூன் 19, புதன்

எல்வா,

மாவு என்று முதல் கடிதத்திலேயே ஏன் எழுதவில்லை? காஸ்தா வெளியே நிற்கிறாள், அந்தப் பக்க லாரி கிளம்பிவிடும், அதனால் வேகமாக எழுதுகிறேன். கவனமாகப் படி.

1667 எங்கிருந்து வந்தது? கேனுக்கு 12.25 மோல் அசிட்டேட் வேண்டும். மோல் என்பது ஒரு எண்ணிக்கை, டஜன் மாதிரி, அவ்வளவுதான். எண்ண முடியாத அளவுக்குச் சின்னப் பொருள் என்பதால் எண்ணுவதற்குப் பதில் நிறுக்கிறோம். ஒவ்வொரு உப்பு மூலக்கூறும் மூன்று நீர் மூலக்கூறைச் சுமந்துகொண்டிருந்தால் ஒரு மோலின் எடை 136.08 கிராம். நீரை உதறிவிட்டால் 82.03. மூட்டையில் மூன்று நீர் என்று போட்டிருக்கிறது, சரி. அந்த எழுத்தை உப்பு படித்ததா? மாவாகிவிட்டது என்றால் நீர் போய்விட்டது. நீ அதே எடைக்கு நிறுக்கும்போது எண்ணிக்கையில் ஏகப்பட்ட அதிகம் விழுகிறது. பத்து உருளைக்கிழங்கு போட வேண்டிய குழம்பில் அதே எடைக்கு, பனியிலும் வெயிலிலும் காயவைத்த சுன்யோவைக் கொட்டினால் என்ன ஆகும்? காய்ந்த கிழங்கு ஐம்பது விழும். அதுதான் நடந்திருக்கிறது.

ஒரு வருடமாக நான் சந்தேகப்பட்டது உப்பை. வேறு வகை உப்பை மூட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

முதலில் ஒரு தேக்கரண்டி உப்பை அடுப்பில் காட்டு. நீருள்ள உப்பு சூடு பட்டதும் உருகித் தண்ணீராக நிற்கும். உருகாமல் அப்படியே கிடந்தால் நீர் இல்லை. கொஞ்சம் கசிந்து நின்றுவிட்டால் இரண்டும் கலந்து கிடக்கிறது. உன்னிடம் இருப்பது அநேகமாக அதுதான். கலவைக்குப் புத்தகத்தில் மோல் எடை கிடையாது. நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூட்டையை நன்றாகக் கிளறிக் கலந்து, சரியாகப் பத்து கிராம் எடு. பீங்கான் கிண்ணத்தில் வைத்து அடுப்பறைச் சூளையில் நூற்று ஐம்பது டிகிரியில் வை. கொதிக்கும் தண்ணீர்மேல் வைக்காதே, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், ஆனால் நம் மலை உயரத்தில் தண்ணீர் எண்பத்தேழு டிகிரியிலேயே கொதித்துவிடும், நீர் போகாது. எடுத்து நிறு, மறுபடி வை, மறுபடி நிறு. எடை குறைவது நிற்கும்வரை. மூன்று நீரும் இருந்தால் கடைசியில் 6.03 கிராம்தான் மிஞ்சும். உனக்கு அதைவிட அதிகம் மிஞ்சும். மிஞ்சியதை 82.03 ஆல் வகு. பத்து கிராம் மாவில் எத்தனை மோல் என்று தெரிந்துவிடும். 12.25க்கு எத்தனை கிராம் என்று அதிலிருந்து கணக்குப் போடு. இரண்டு தனித்தனி மாதிரி எடுத்துச் செய். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கரைசல் தயாரிக்காதே.

தாளில் கிராமை மட்டும் எழுதினேன், மோலை எழுதவில்லை. உனக்குக் கணக்கு வராது, எண்ணைப் பார்த்து நிறுத்தால் போதும் என்று நினைத்தேன். அது என் திமிர். எழுதியிருந்தால் நீயே யோசித்திருப்பாய்.

அந்த மூட்டையை யார் திறந்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று விசாரி. மூடிய மூட்டையில் நீர் தானாகப் போகாது.

தாள் கிடைத்தது. ஒட்டுப் போட்ட இடமெல்லாம் பசை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

டெ.


விலாகோத்தா,
ஜூன் 22, சனி

அக்கா,

முதலில் நல்ல செய்தி. நேற்று ஆறு பேருக்கும் முழு நேரம் டயாலிசிஸ் நடந்தது. ஒருவருக்கும் வாந்தி இல்லை, தாகம் இல்லை. அன்செல்மோ பாதியில் தூங்கிவிட்டார், குறட்டை வேறு. இயந்திரத்திலிருந்து இறக்கும்போது ஒரு கோப்பைத் தேநீர் கேட்டார். மருத்துவர் ரெங்கேல் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் கடிதம் வந்தது. கரண்டியில் வைத்த உப்பு லேசாகக் கசிந்தது, உருகவில்லை. இரண்டு மாதிரி செய்தேன். பத்து கிராமில் ஒன்றில் 9.10 மிஞ்சியது, இன்னொன்றில் 9.11. எட்டு முறை எடுத்து நிறுத்தேன். 9.10ஐ 82.03 ஆல் வகுத்தால் 0.1109 மோல். அப்படியென்றால் கேனுக்குத் தேவை 1104 கிராம்தான். நான் போட்டது 1667. பன்னிரண்டே கால் மோல் இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டரை. ஒன்றரை மடங்கு, அக்கா. அந்தத் தாளில் இப்போது கிராமுக்குப் பக்கத்தில் மோலையும் எழுதி ஒட்டிவிட்டேன்.

இனி எழுத வேண்டியதை நேற்றிலிருந்து எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூட்டையை யார் திறந்தது என்று கிடங்குக்கார திபூர்சியோவைப் போய்க் கேட்டேன். திட்டப் போகிறேன் என்று கூட அவருக்குத் தோன்றவில்லை. பாராட்டப் போகிறேன் என்றே நினைத்திருக்கிறார். "மழையில கட்டி தட்டிப் போச்சுன்னு போன வருஷம் நீங்கதானே டாக்டரம்மா கூரையில பரப்பிக் காய வைக்கச் சொன்னீங்க? துணி கூட நீங்க குடுத்ததுதான். இந்த வருஷம் நீங்க சொல்ற வரைக்கும் காத்திருக்கல, நானே செஞ்சிட்டேன்" என்றார்.

நான்தான் சொன்னேன். ஞாபகம் இருக்கிறது. போன ஜூனில் உப்பு கட்டி கட்டியாக இருந்தது. உங்களுக்கு உதவியாளராக இருந்த நான், நீங்கள் உடைத்துச் சிரமப்பட வேண்டாமே என்று நினைத்தேன். ஜூன் மாதக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஈரமாக இருப்பது எதுவானாலும் கூரைக்குத்தான் போகும். பனியில் நாலு நாள், வெயிலில் நாலு நாள். கிழங்கைச் சுன்யோ ஆக்குகிற மாதிரி உப்பையும் ஆக்கிவிட்டேன். ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. என் கையால்தான் துணியை விரித்தேன், அக்கா. அப்புறம் அந்தக் கையாலேயே உங்கள்மேல் புகார் எழுதினேன்.

செப்டம்பரிலும் ஜனவரியிலும் வேறு மூட்டைகள், கூரைக்குப் போகாதவை. அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை.

எல்லாவற்றையும் எழுதி இயக்குநருக்கு ஒரு தாள் தயார் செய்திருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. திங்கட்கிழமை கொடுப்பேன். இந்த முறை கிழிக்க மாட்டேன்.

காஸ்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் அவள்தான் கொண்டு வருகிறாள். கடிதம் இருக்கிறது என்று சொல்லப் போனபோது, "நோயாளிங்க பொழச்சிட்டாங்களாமே, சந்தோஷம்" என்றாள்.

எல்வா


ஓருரோ,
ஜூன் 23, ஞாயிறு

எல்வா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடையில் ஆள் நின்று காத்திருந்தது கூடத் தெரியவில்லை.

ஒரு வருடமாக உன்னைத் திட்டாத நாள் இல்லை. என்ன ஏதென்று கேட்காமல் என் தலையில் பழியைத் தூக்கிப் போட்டாளே பாவி என்று திட்டுவேன். இப்போது நீயே வந்து கழுத்தை நீட்டுகிறாய். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு நிமிடம் பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்தத் துணி ஞாபகம் வந்தது. மஞ்சள் கோடு போட்ட துணி, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது. போன ஜூனில் நான் கூரைக்குப் புகைபோக்கி பார்க்க ஏறியபோது பார்த்தேன், எல்வா. அதில் என்ன காய்கிறது என்று எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, எவ்வளவு பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். மறுநாள் உப்பை அள்ளியபோது உடைக்க வேண்டியதே இல்லாமல் மாவாக இருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நிறுத்தேன். பதினோரு வருட அனுபவம். உப்பிலிருந்து நீர் போகும் என்பதை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். உனக்குத் தெரியாமல் போனதற்கு மன்னிப்பு உண்டு. எனக்குத் தெரிந்திருந்தது, நான் பார்த்தும் பார்க்காமல் நிறுத்தேன்.

ஆக, எடையில் நான் அலட்சியம் என்று நீ எழுதினாயே, அது முழுப் பொய் இல்லை.

இயக்குநருக்கு உன் பெயரை மட்டும் போட்டுக் கொடுக்காதே. எனக்கும் அதில் இடம் விடு. இரண்டாவது பத்தியை மாற்றி எழுதி இதோடு வைத்திருக்கிறேன், என் கையெழுத்தும் இருக்கிறது. நீ அனுப்பிய ஒட்டுத் தாளை இன்று காலை கிழித்துவிட்டேன்.

காஸ்தா இப்போது வெளியே நிற்கிறாள். இங்கிருந்து பத்து அடி. போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன். அவள் கூடையில் மிச்சமிருந்த ரொட்டியை எண்ணிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து உனக்கு எழுதுகிறேன். மறியலுக்குப் பயப்படாமல் நடக்கிறவளைப் பார்த்து எனக்குப் பயம்.

அவளிடம் உண்மையைச் சொல்லாமல் இனி ஒரு கடிதத்தைக் கூட அவள் தலையில் ஏற்றாதே. தன் புருஷனைக் கொன்ற காரணத்தை அவள் கையிலேயே கொடுத்துச் சுமக்கவைக்கிறோம். இதைவிட அசிங்கம் வேறு இல்லை. நீ சொல். நானும் பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்.

டெல்ஃபினா


விலாகோத்தா,
ஜூன் 25, செவ்வாய்

அக்கா,

நேற்று இயக்குநரிடம் தாளைக் கொடுத்தேன், இரண்டு பேர் கையெழுத்தோடு. படித்துவிட்டு, "யோசித்துத்தான் கொடுக்கிறீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்றார். என் வேலை என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேராகக் காஸ்தாவிடம் போனேன். சூளைக்குப் பக்கத்தில் கூடையில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன். கூரை, துணி, மாவு, எடை, என் புகார், நீங்கள் எட்டிப் பார்த்தது, எல்லாம். மோல் கணக்கை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். புரியவைக்கத் தேவையே இருக்கவில்லை. கிழங்குக்குச் சொன்ன எடைக்குச் சுன்யோவை நிறுத்துப் போட்டுவிட்டோம் என்றதும், "அப்போ அதிகமா விழுந்திருக்கும்" என்றாள். எவ்வளவு அதிகம் என்று கேட்டாள். ஒன்றரை மடங்கு என்றேன்.

அடுக்கிக்கொண்டிருந்த ரொட்டியை எண்ணினாள், எண்ணிக்கை தவறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மறுபடியும் தவறியது. கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, அவருக்கு என்ன செய்திருக்கும் என்று கேட்டாள். நான் மறைக்கவில்லை. தாகம் எடுத்திருக்கும், தாங்க முடியாத தாகம் என்றேன்.

அப்போதுதான் அவள் முகம் உடைந்தது.

"சாகறதுக்கு முன்னால மூணு நாளும் தண்ணி தண்ணின்னு என் கையப் புடிச்சிக்கிட்டுக் கெஞ்சினாரு. நான் குடுக்கல. கிட்னி நோயாளிக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லி வச்சிருந்தீங்க. ஒரு மடக்கு கூட நான் குடுக்கல, டாக்டரம்மா."

அவள் சொன்னது சரி. அவள் கையில் நாம் கொடுத்த சீட்டில் அப்படித்தான் இருந்தது. அந்த மூன்று நாளும் அவன் கேட்டது நியாயமான தண்ணீர். அவள் கட்டுப்பாடாக இருந்தாள், நாம் சொன்னதைக் கேட்டாள். நம் எல்லோரையும்விட ஒழுங்காக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

பிறகு மாவுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு வருஷமா தினமும் அந்த டெல்ஃபினாவைத் திட்டித் திட்டித்தான் மாவு பிசைஞ்சேன். அதுல கொஞ்சம் மனசு ஆறும். இனி யாரைத் திட்டிப் பிசையறது? என்னையா?"

தன்னைத்தானே திட்டிக்கொள்ளக் கூடாது என்று சொன்னேன். எங்களைத் திட்டு, எங்கள் இரண்டு பேரையும் திட்டு என்றேன். காதிலேயே வாங்கவில்லை. நீங்கள் ஒருவர் மட்டும் வந்து சொல்லிவிட்டால் ஆயிற்றா என்று கேட்டாள். அந்த அம்மாவும் வரட்டும், இரண்டு பேருமாக என் முன்னால் நின்று, நீ தண்ணீர் கொடுக்காதது தப்பில்லை என்று வாயால் சொல்லட்டும் என்றாள். காகிதத்தில் எழுதி அனுப்பினால் வாங்க மாட்டாளாம்.

இன்று காலை அவள் ரொட்டி போடவில்லை. சூளை பற்றவைக்காமல் கிடக்கிறது. மறியலுக்கு அந்தப் பக்கம் போகவும் ஆள் இல்லை.

அதனால் இந்தக் கடிதத்தை நானே நடந்து கொண்டு வருகிறேன், அக்கா. பதினெட்டு கிலோமீட்டர். அவள் தினமும் நடக்கிற தூரம்தான். எழுதாமல் நேரிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று பயந்து எழுதினேன். படித்து முடித்ததும் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு என்னோடு கிளம்புங்கள். நாளை மதியத்துக்குள் நாம் இரண்டு பேரும் காஸ்தா முன்னால் நிற்க வேண்டும்.

எல்வா